முறியாத உடன்படிக்கை (கிறித்தவ இறையியல்)

யூத மக்களோடு இறைவன் செய்த உடன்படிக்கை இன்றும் நிலைத்திருக்கிறது என்னும் கிறித்தவ இறையியல் கோட்பாடு. இயேசுவின் வருகைக்குப் பின் இஸ்ரயேலின் இடத்தைத் திருச்சபை பிடித்துக்கொண்டது என்ற பதிலீட்டுக் கொள்கையை இது மறுக்கிறது.

விவிலிய அடிப்படை

தொடக்கநூலின் 17ஆம் அதிகாரம் ஆபிரகாமோடும் அவர் வழிமரபோடும் செய்த உடன்படிக்கையை என்றுமுள்ளது என்கிறது. எரேமியா 31ஆம் அதிகாரம் கதிரவன், நிலா, விண்மீன்களின் ஒழுங்கையே இஸ்ரயேலின் நிலைபேற்றுக்குச் சான்றாக வைக்கிறது. புதிய ஏற்பாட்டில் இதை விரிவாகப் பேசுபவர் பவுல். தாமும் ஓர் இஸ்ரயேலரே என்று சொல்லும் அவர், உரோமையர் திருமுகத்தில் (9–11) பிற இனத்தாரை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டு ஒலிவக் கிளைகளாகக் காட்டுகிறார். வேர்தான் கிளையைத் தாங்குகிறது. ஆகவே ஒட்டப்பட்ட கிளை பெருமை பேசலாகாது. இறைவனின் கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படாதவை என்பது அவர் முடிவு.

வரலாறு

2ஆம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின், கிறித்தவர்களே உண்மையான இஸ்ரயேல் என்று வாதிட்டார். யூதர்கள் அழியக்கூடாது, ஆனால் தங்கள் மறைநூல்களோடு சிதறுண்ட சாட்சிகளாக வாழவேண்டும் என்பது அகுஸ்தினாரின் நிலை. யூதர்கள் கைவிடப்பட்டவர்கள் என்ற போதனை ஐரோப்பாவில் அவர்கள்மீதான வெறுப்புக்குத் துணைநின்றது. நாஜிகள் சுமார் 60 இலட்சம் யூதர்களைக் கொன்றபின், திருச்சபைகள் தங்கள் போதனையையே சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பர்க்கில் கூடிய மாநாடு கிறித்தவப் போதனையைத் திருத்தப் பத்துக் குறிப்புகளை வெளியிட்டது. 1960இல் யூத வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக், திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்து, யூதர்களைப் பற்றிய போதனையைத் திருத்தக் கோரினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏடு, இயேசுவின் சாவுக்கான பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்துவதை விலக்கியது. 1980இல் ஜெர்மனியில் ரைன்லாந்து புராட்டஸ்டண்டு திருச்சபை யூத மக்களை இறைவன் தெரிந்துகொண்டது இன்றும் நிலைத்திருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு மைன்ஸ் நகரில் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கையை இறைவன் ஒருபோதும் இரத்துசெய்யவில்லை என்றார்.

விவாதங்கள்

உடன்படிக்கை நிலைக்கிறது என்றால் யூதர்களிடம் நற்செய்தி அறிவிக்கலாமா? யூதர்களை நோக்கி நிறுவனமுறையில் மறைபரப்புப் பணி செய்வதில்லை என்கிறது 2015இல் வெளிவந்த வத்திக்கான் ஆவணம். ஆயினும் கிறிஸ்துவே அனைவருக்கும் மீட்பர் என்பதை அது விடவில்லை. இவாஞ்சலிக்கல் சபைகள் பல இப்பணியைத் தொடர்கின்றன. உடன்படிக்கையில் வாக்களிக்கப்பட்ட நிலத்தை இன்றைய இஸ்ரேல் நாட்டோடு இணைத்துப் பார்ப்பதிலும் கருத்தொற்றுமை இல்லை.

முக்கியத்துவம்

இக்கோட்பாடு கிறித்தவ நம்பிக்கையின் அடித்தளத்தைத் தொடுகிறது. இஸ்ரயேலுக்குத் தந்த வாக்கை இறைவன் மீறக்கூடும் என்றால், திருச்சபைக்குத் தந்த வாக்குக்கும் உறுதி இல்லை.