மறுப்புரையில் வாழும் மன்றம்

பலர் கூடி முடிவெடுத்தால் அது பொதுமுடிவு ஆகிவிடுமா? இஜ்மாஃ குறித்து நம் உஸூல் நூல்கள் விரிவாக ஆராயும் இவ்வினா, கிறித்தவத் திருச்சபையின் வரலாற்றிலும் கூர்மையாக எழுந்ததுண்டு.

கி.பி. 754 (ஹிஜ்ரி 136). பாக்தாத் தோன்றுவதற்கு முன், முதல் அப்பாஸியக் கலீஃபா ஸஃப்பாஹ் மறைந்த ஆண்டு. பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், தலைநகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஹியெரியா அரண்மனையில் 338 ஆயர்களைக் கூட்டினார். திருவுருவப் படங்களை வணங்குதல் கூடாதெனத் தீர்மானித்த அம்மன்றம், தன்னை ஏழாவது பொதுச்சங்கம் என்றே அழைத்துக்கொண்டது. ஆயினும் அதில் ஒரு மறைமுதுவர்கூட இல்லை. கான்ஸ்டான்டிநோபிளின் பீடம் காலியாயிருந்தது. ரோமாபுரியும், முஸ்லிம் ஆட்சியிலிருந்த அலெக்சாந்திரியா, அந்தாக்கியா, பைத்துல் முகத்தஸ் ஆகிய பீடங்களும் பிரதிநிதிகளை அனுப்பவில்லை.

787இல் அரசி ஐரீன் காலத்தில் நைசியாவில் கூடிய சங்கம் இக்குறையையே சுட்டி ஹியெரியாவைச் செல்லாததாக்கியது. ஏழாவது என்னும் எண்ணும் நைசியாவுக்கே உரியதாயிற்று. இச்சங்கத்திலும் கிழக்கத்திய மறைமுதுவர்கள் நேரில் வரவில்லை. அவர்கள் சார்பில் இரு துறவிகளே அமர்ந்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்றுண்டு. படங்களை ஆதரித்து எழுதிய திமிஷ்க் நகர யோவானை, அவரது குடும்பத்தின் அரபுப் பெயரான 'மன்சூர்' என்பதாலேயே விளித்துச் சபித்த ஹியெரியா ஆயர்கள், 'சரசேனிய சிந்தையர்' என்றும் பழித்தனர். அவரோ இஸ்லாத்தை மறுத்து எழுதியவர்! மறுபுறம் நைசியாவில், பட எதிர்ப்பே உமையாக் கலீஃபா இரண்டாம் யஸீதின் ஆணையைப் பின்பற்றி எழுந்ததென்று குற்றஞ்சாட்டப்பட்டது. இருதரப்பாருக்கும் எதிரியைப் பழிக்கக் கிடைத்த சொல் நம் பெயராகவே இருந்தது. இவ்வகை ஏச்சை ஆதாரமாகக் கொண்டு, பட எதிர்ப்பு இஸ்லாத்தின் தாக்கமே என நம்மவர் சிலர் பெருமை பேசுவது முறையன்று.

ஹியெரியாவின் தீர்மான வாசகம் இன்று தனி ஏடாகக் கிடைப்பதில்லை. நைசியாவின் ஆறாம் அமர்வில் வரிக்கு வரி வாசித்து மறுக்கப்பட்டதால் மட்டுமே அது எஞ்சியது. அதனை வாசித்தவர், முன்பு அத்தரப்பின் முன்னணியில் நின்ற நியோசிசேரியா ஆயர் கிரெகோரி. இப்னுர் ராவந்தியின் நூலொன்று அல்கய்யாத்தின் மறுப்பு நூலான 'இன்திஸாரி'ல் தங்கியிருப்பதை இங்கு நினைவுகூர்கிறோம்.

தோற்றவரின் சொல்லை வென்றவரின் ஏட்டிலேயே தேட வேண்டியிருக்கிறது. ஆகவே, மறுப்பதற்காகவேனும் எதிர்த்தரப்பை முழுமையாக எடுத்தெழுதியோர் வரலாற்றுக்குப் பேருதவி புரிந்தோராவர். இந்த அமானிதத்தை நம் எழுத்திலும் பேணுதல் கடமையாகும்.