பதில் வராவிட்டால்? - வெப் சர்வீஸ் வந்த கதை

நம் மலரில் வழக்கமாகப் பேராசிரியர்களைப் பற்றியும் ஹாஸ்டலைப் பற்றியும்தான் எழுதுவோம். இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் சரித்திரம். பயப்பட வேண்டாம், சூத்திரம் எதுவும் கிடையாது.

செல்போனில் பணம் கட்டுகிறீர்கள். கணக்கில் கழிந்துவிட்டது. கடைக்காரரோ "இன்னும் வரலையே சார்" என்கிறார். திரும்பக் கட்டுவதா, காத்திருப்பதா? இந்தத் தவிப்புக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது.

ஒரே வேலையைப் பல ஊர்களில் உள்ள கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுச் செய்ய வேண்டுமானால், ஒன்றை ஒன்று கூப்பிட வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-ல் இதற்கு ஒரு வழியை விவரித்தார்கள். தூரத்து மெஷினில் உள்ள வேலையை, நம் மெஷினிலேயே இருப்பது போல அழைக்கலாம். இதற்கு ஆர்.பி.சி. என்று பெயர். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ரொம்ப சௌகரியம். ஆனால் ஒன்றை அவர்கள் மறைக்கவில்லை. அழைப்பு தோற்றுப்போனால், வேலை நடந்ததா, நடக்கவே இல்லையா என்பது அழைத்தவருக்குத் தெரியாது.

ஹாஸ்டல்வாசிகளுக்கு இது சட்டென்று புரியும். மெஸ் பில் கட்ட அப்பா மணியார்டர் அனுப்புவார். கையெழுத்துப் போட்ட ரசீது ஊருக்குத் திரும்பிப் போகவில்லை என்றால், பணமே வரவில்லையா, அல்லது ரசீது மட்டும்தான் தொலைந்ததா? மறுபடி அனுப்பினால் பையனுக்கு இரட்டை வரவு. அவன் வாயைத் திறப்பானா என்ன!

பிரெல்லும் நெல்சனும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு அடையாள எண் கொடுத்தார்கள். அதே எண் மறுபடி வந்தால் நகல் என்று தள்ளிவிடலாம். சின்ன யோசனைதான், ஆனால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

1991-ல் கோர்பா வந்தது. வெவ்வேறு மொழிகளில் எழுதிய புரோகிராம்கள், வெவ்வேறு கம்பெனி மெஷின்களில் இருந்தபடி பேசிக்கொள்ள அது வழி செய்தது. தூரமும் பக்கமும் ஒன்றே என்ற பாவனை இங்கேயும் தொடர்ந்தது. 1994-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் அவருடைய மூன்று சகாக்களும், அந்தப் பாவனையே தப்பு என்று எழுதினார்கள். ஒரே மெஷின் என்றால் படுத்தால் மொத்தமும் படுக்கும். பல மெஷின் என்றால் பாதி படுக்கும், பாதி நிற்கும். அதுதான் பெரிய தலைவலி.

பிறகு வெப் காலம். 1998-ல் எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி., 2000 மே மாதத்தில் சோப் 1.1. செய்தியை எக்ஸ்.எம்.எல். கடிதமாக எழுதி, பெரும்பாலும் வெப் பாதையிலேயே அனுப்பினார்கள். அந்தப் பாதையை ஃபயர்வால்கள் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. உலகத்துக்கே ஒரு பொதுப் பதிவேடு என்று 2000-ல் அறிவிக்கப்பட்ட யு.டி.டி.ஐ., 2006-ல் மூடப்பட்டது. செய்தி நம்பகமாகப் போய்ச் சேர்வதற்கென்றே தனித் தரவிதிகள் எழுதும்படி ஆயிற்று.

அதே 2000-ல் ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற பாணியை விளக்கினார். வெப்புக்கு ஏற்கெனவே இருக்கும் விதிகளையே பின்பற்றலாம் என்று சொல்ல அது வழி வகுத்தது. 1999-ல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளின்படி, 'கெட்', 'புட்', 'டெலிட்' மூன்றையும் பலமுறை அனுப்பினாலும் விளைவு ஒருமுறை அனுப்பியது போலத்தான். 'போஸ்ட்'டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எதைத் தைரியமாகத் திரும்ப அனுப்பலாம், எங்கே யோசிக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

நம் நாட்டில் 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ.-யும் இந்தப் பரம்பரைதான். வங்கிகளுக்கும் என்.பி.சி.ஐ.-க்கும் நடுவே எக்ஸ்.எம்.எல். செய்திகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் உண்டு. பதில் வராவிட்டால், "அந்த எண் என்ன ஆச்சு?" என்று விசாரிக்கத் தனிச் செய்தியும் உண்டு.

இந்தத் துறைக்கு வரும் நம் ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.பி.சி., கோர்பா, சோப், ரெஸ்ட் என்று பெயர் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதில் மயங்க வேண்டாம். முதல் வரி எழுதும் முன்னாலேயே "பதில் வராவிட்டால் என்ன செய்வோம்?" என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் காத்திருப்பது யாரோ ஒருவருடைய மாதச் சம்பளமாக இருக்கலாம்.