கூலி ஏறினால் பாரம் யார் தலையில்?

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அண்ணன் ஏர் பிடிப்பார், தம்பி தறியில் உட்காருவார். அண்ணன் நடவுக்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறவர். தம்பி கூலி வாங்குகிறவர். "கூலியை ஏத்தச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டிருக்காம்" என்று சேதி வந்தால் தம்பி முகம் மலரும், அண்ணன் முகம் சுருங்கும். ஒரே சேதிதான், ஒரே வீடுதான். ஏன் இப்படி என்று கொஞ்சம் பழைய கதையிலிருந்து பார்ப்போமா?

காஞ்சியில் உலகளந்த பெருமாள் கோயில் உங்களுக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், உத்தம சோழன் காலத்தில், அந்தக் கோயிலின் வரவு செலவைச் செப்பேட்டில் எழுதி வைத்தார்கள். அந்தச் செப்பேடு இன்றும் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயில் பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்கிறீர்கள்? ஊரில் நாலு சேரிகளில் குடியிருந்த நெசவாளர்கள். கோயில் பொன்னை வாங்கியிருந்த கூரம், அரியபெரும்பாக்கம் ஊர்ச்சபையார் வட்டியை நெல்லாக அளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பூசை செய்கிறவர், நந்தவனம் பார்க்கிறவர், மேளம் கொட்டுகிறவர் எல்லாருக்கும் நெல்லில்தான் படி. நெல் விலை ஏறினால் அவர்கள் கூலியும் தானாக ஏறிவிடும். காசுக் கூலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1969-ல் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்காகச் செய்த நியாயக் கூலிச் சட்டமும் கூலியை நெல் அளவில்தான் சொன்னது. காரணம் இல்லாமல் இல்லை.

இந்தியா முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1948-ல். விவசாய வேலையும் முதலிலிருந்தே அதன் பட்டியலில் உண்டு. பட்டுக் கைத்தறி நெசவைத் தமிழ்நாட்டு அரசு பிற்பாடு சேர்த்தது. ஐந்து வருஷத்துக்குள் ஒரு தடவையாவது கூலியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது விதி. "எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது" என்று அஜ்மீர் பஞ்சாலை முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். அது காரணம் ஆகாது என்று 1955-ல் தீர்ப்பானது. 2019-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பில் இந்தப் பழைய சட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

சட்டம் சரி. தறிக்குழி வரைக்கும் அது இறங்கிற்றா? அங்கேதான் சிக்கல்.

நெசவுக்கு நாள் கூலி கிடையாது, சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் வேறு வேறு நிறம். கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ளக் கூட ஓர் ஆள் வேண்டும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்க: சேலைக்கு 6,000 ரூபாய், நெய்ய 20 நாள். நாளைக்கு 300 ஆச்சு என்று தோன்றும். ஆள் ரெண்டு பேர் ஆச்சே, அப்போ தலைக்கு 150 தான். மழை பெய்து குழித்தறியில் ஈரம் ஏறி, தெருவில் பாவு போட முடியாமல் உட்கார்ந்திருந்த நாளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கூட ஆள் வெகுகாலம் ஒரு சிறு பிள்ளையாகத்தான் இருந்தது. சேலைக் கூலி குறைவாக இருந்தும் தொழில் நடந்ததற்கு அந்தப் பிள்ளையின் படிப்பும் ஒரு விலை. பெற்றவர் வாங்கிய முன்பணம் தீரும் வரை பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது.

இதே மாதிரி ஒரு கதை இங்கிலாந்தில் நடந்தது. கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை வைத்து இரும்புச் சங்கிலி அடித்தார்கள். அவர்களுக்கும் துண்டுக் கூலிதான். 1909-ல் சட்டம் வந்து, மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று தீர்ப்பானது. பலருக்கு அது முன்பைப் போல இரண்டு மடங்கு. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? "எனக்குப் புதுக் கூலி வேண்டாம்" என்று எழுதின காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்கள் வைத்தும் விட்டார்கள். 1910-ல் மேரி மெக்கார்தர் என்ற அம்மையார் முன்னின்று பத்து வாரம் வேலை நிறுத்தம் நடத்திய பிறகுதான் கூலி கைக்கு வந்தது. கூலி ஏறினால் வேலை போய்விடும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. டானி என்ற அறிஞர் 1914-ல் ஆராய்ந்து, அப்படிப் பெரிதாக வேலை போகவில்லை என்று எழுதினார்.

காஞ்சியில் அந்த அம்மையாரின் வேலையைக் கொஞ்சம் கூட்டுறவுச் சங்கங்கள் செய்தன. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா பெயர்களில் சங்கங்கள் இருக்கின்றன. சங்கத்தில் இந்த ரகத்துக்கு இன்ன கூலி என்று பலகையில் தெரிந்துவிட்டால், வெளியே இருக்கிறவர் ரொம்பக் குறைத்துக் கேட்க வாய் வராது. முன்பணத்தில் மாட்டிக்கொள்ளாத நெசவாளிக்குத்தான் இந்தச் சௌகரியம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போ பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். சேலை விலையில் கர்நாடகப் பட்டும் சூரத் சரிகையும்தான் பெரும் பங்கு. கூலி ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதைப் பத்து சதவீதம் ஏற்றினால் சேலை விலை இரண்டு சதவீதம்தான் ஏறும். கல்யாணத்துக்கு எடுக்கிறவர் அதற்காகத் திரும்பிப் போக மாட்டார். ஆனால் பக்கத்துக் கடையில் விசைத்தறிச் சேலையைக் 'காஞ்சிப் பட்டு' என்று பாதி விலைக்கு விற்றால்? அதைத் தடுக்க 1985-ல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். கள்ளச் சரக்கு நின்றபாடில்லை.

இதற்கிடையில் எந்த அரசாணையும் இல்லாமலே கூலி ஏறியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள். 2008-ல் நூறு நாள் வேலைத் திட்டமும் நம்ம மாவட்டத்துக்கு வந்தது. நெசவாளி பிள்ளை கம்பெனி பஸ் ஏறிவிட்டான். தறியில் கூட ஆள் இல்லை, வயலில் களை எடுக்க ஆள் இல்லை. போகிற பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் முகம் சுருங்கியதற்கு வருவோம். சேலைக் கடைக்காரர் தன் சரக்குக்குத் தானே விலை வைக்கிறார். அண்ணன் நெல்லுக்கு விலை வைக்கிறவர் வேறொருவர். கூலி இந்தப் பட்டத்திலேயே கையை விட்டுப் போகிறது. 1965-ல் ஏற்பட்ட விலைக் கமிஷன், ஆதரவு விலைக்குப் பரிந்துரை செய்யும்போது கூலிச் செலவையும், வீட்டார் உழைப்பையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. அதனால் நீங்கள் கொடுத்த கூலியையும், உங்க வீட்டுப் பெண்கள் வயலில் நின்ற நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சாகுபடிச் செலவு விசாரிக்க ஆள் வந்தால், "ஏதோ ஆச்சுங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். குறைத்துச் சொன்னால் குறைத்துத்தான் எழுதிக்கொள்வார்.

ஆள் கூலி கட்டாது என்று அறுவடை மெஷினைக் கூப்பிடுகிறோமே, அதற்கு மணிக்கு இவ்வளவு என்று கேட்டதைக் கொடுக்கிறோம். வாடகை ஏறினால் யாரிடமும் முறையிடுவதில்லை. அந்தத் தொகையையும் அதே நோட்டில் பக்கத்திலேயே எழுதுங்கள்.