கொச்சங்காடிக் கல்

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசிப் பள்ளியைக் காணச் செல்லும் நம்மவருள் பலர், சீனத்து நீலத் தரையோடுகளையும் மணிக்கூண்டையும் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர். புறச்சுவரில் பதித்துள்ள ஒரு கல்லை ஊன்றிப் பார்ப்போர் மிகச் சிலர். எபிரேய எழுத்துப் பொறித்த அக்கல் அந்தப் பள்ளிக்கு உரியதன்று. அருகேயுள்ள கொச்சங்காடியில் இருந்து மறைந்த வேறொரு பள்ளிக்கு உரியது. அதில் காணும் ஆண்டு யூதர் கணக்கில் 5105. அஃது ஏறத்தாழ கி.பி. 1344 ஆகும். கல்லைத் தாங்கி நிற்கும் பரதேசிப் பள்ளியோ 1568இல் எழுந்தது. சுவரைவிட அதில் பதித்த கல் இருநூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் மூத்தது!

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் மணல் மூடிப் போயிற்று என்றும், அதன்பின் யூதர் பலர் கொச்சிக்குக் குடிபெயர்ந்தனர் என்றும் கூறுவர். கொச்சங்காடிப் பள்ளியைக் கட்டியவர் அவர்களே. இவர்களை மலபாரி யூதர் என்பது மரபு. 1492இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து யூதர் துரத்தப்பட்ட பின், அவருள் சில குடும்பத்தார் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி வந்து சேர்ந்தனர். இவர்களே பரதேசிகள். 'பரதேசி' என்றால் நம் செவிக்கு இரந்துண்பவன் என்றே படுகிறது. அங்கேயோ அது பிறநாட்டார் என்னும் பொருளில் மதிப்போடு பூண்ட பெயர். ஒரே சொல், கேட்பவன் எங்கே நின்று கேட்கிறான் என்பதைப் பொறுத்து வசையாகவும் விருதாகவும் ஆகிறது. நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே.

முன்வந்தவர் மலபாரி யூதர், பின்வந்தவர் பரதேசிகள் என்பதற்குக் கல்லே சான்று. ஆயினும் நெடுங்காலம் உலகம் அறிந்திருந்த வரலாறு வேறு. வெள்ளை யூதரே பழங்குடியினர், கறுப்பு யூதர் அவர்தம் அடிமைகளின் வழித்தோன்றல்கள் என்பதே அது. இந்தக் கதை எங்ஙனம் அறிவாக மாறிற்று?

1686இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து மோசே பெரெயிரா தெ பைவா என்னும் யூதர் கொச்சிக்கு வந்தார். அவரும் ஸ்பானிய வழியினர். அவரை வரவேற்று உபசரித்தவரும் பரதேசிகளே. அவர்தம் கூடத்தில் அமர்ந்து கேட்டவற்றை அவர் எழுதினார். மறு ஆண்டே அது நூலாக அச்சேறிற்று. மலபாரியார் அடிமை வழியினர் என்னும் கூற்று அந்நூலின் வாயிலாக ஐரோப்பாவில் பரவிற்று. அவர் பொய் சொன்னார் என்று நாம் கூறவில்லை, கேட்டதையே எழுதினார். கேட்ட வீடு எது என்பதுதான் கேள்வி.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்துக் கிளாடியஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதே தெருவுக்கு வந்தார். அவர் தேடியது பழைய சுவடிகள். ஆதலின் மலபாரியார் பள்ளிகளிலும் நுழைந்து பார்த்தார். கறுப்பு யூதரே பன்னெடுங்காலம் முன்னர் வந்தவர் என்று அவர் முடிவு கட்டினார். தெரு மாறவில்லை, மக்களும் மாறவில்லை. நுழைந்த வாசல் மாறிற்று, வரலாறும் மாறிற்று.

பரதேசிப் பள்ளியில் போற்றி வைத்துள்ள செப்பேடுகளும் நமக்கு உரிய செய்தியே. அவை வட்டெழுத்தில், தமிழுக்கு மிக நெருங்கிய மொழியில் அமைந்தவை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்ததை அவை கூறுகின்றன. ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று உரிமை பெறுவோரை விரித்துச் சொல்லும் அப்பட்டயத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அஞ்சுவண்ணம் என்பதை யூதர் தமக்குக் கிடைத்த ஒரு சிற்றரசு எனக் கொண்டு பெருமிதம் அடைந்தனர். நம் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் அச்சொல்லைக் கண்ட ஆராய்ச்சியாளரோ, அஃது ஒரு வணிகக் குழுவின் பெயர் என்பர். செப்பேட்டைப் பெற்றவன் வழியினர் யார் என்பதே வழக்காயிருக்க, அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர் கையில் வரலாற்றின் திறவுகோலும் சென்று சேர்ந்தது.

இஃது அறிவைப் பற்றிய வழக்காக மட்டும் நின்றிருந்தால் புலவர்க்கு விட்டுவிடலாம். அறமும் அதன்மேல் கட்டப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவிலிருந்த டேவிட் இப்னு சிம்ரா என்னும் யூத மறைவல்லுநர்க்கு ஒரு வினா சென்றது. இங்குள்ள ஏறத்தாழ 900 குடும்பங்களில் நூறு குடும்பத்தார் தம்மைக் குலமுடையோர் என்றும், ஏனையோரை அடிமைகள் என்றும் கூறி மணவுறவு மறுக்கின்றனர். இது தகுமா என்பது வினா. சமயச் சடங்கின்படி விடுதலையும் முழுக்கும் பெற்றுவிட்டால் அவரும் முழு யூதரே, மணவுறவுக்குத் தடையில்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம். கடல் கடந்து வந்த தீர்ப்பு கொச்சித் தெருவில் செல்லவில்லை. கெய்ரோவில் நின்றவர்க்கு மறைநூல் கண்ணில் பட்டது. மட்டாஞ்சேரியில் நின்றவர்க்குச் சுற்றியிருந்த சாதிமுறை கண்ணில் பட்டது.

பரதேசிகளிடையே 'மெசுஹ்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்டோர், எனப்பட்ட பிரிவினர் பள்ளியின் உள்ளே அமர இயலாது. முன்கூடத்துத் தரையே அவர்க்கு இடம். அப்பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1925 முதல் 1931 வரை கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக வீற்றிருந்தார். சட்டசபையில் நாற்காலி, தம் கடவுளின் இல்லத்தில் தரை! காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிப் பள்ளிக்குள்ளேயே அவர் அறப்போர் தொடங்கினார். உரிமைகள் படிப்படியாக, மிக மெதுவாக வந்தன. 1950இல் அவர் மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும் திருமணம் மட்டாஞ்சேரியில் நடைபெறவில்லை, பம்பாயில் நடந்தது.

உள்ளே அமர்ந்தோர்க்கு முன்கூடம் தெரியாது. அவர் முகம் மறைப்பேழையை நோக்கியது. முன்கூடத்தில் இருந்தவரோ உள்ளே நடப்பதையும் அறிவார், தம் நிலையையும் அறிவார். பணிப்பெண் எசமானியின் அடுக்களையையும் தன் அடுக்களையையும் அறிந்திருப்பது போல் இது. நான்சி ஹார்ட்சாக் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இத்தகைய நோக்கைச் சமூக ஆராய்ச்சிக்கே ஓர் அடிப்படையாகக் கொண்டார். குருடர் யானையைத் தடவிய கதையை நம்மிடையே அடிக்கடி கூறுவர். அக்கதையில் எல்லாக் குருடரும் சமம். யானையை முழுதும் கண்ட ஒருவன் கதைசொல்லியாய் வெளியே நிற்கிறான். கொச்சியில் அப்படி வெளியே நின்றவர் எவரும் இல்லை.

ஆயினும் தாழ்ந்தோர் கூறுவதெல்லாம் மெய் என்று கொள்வதும் பொருந்தாது. அடிமை வழியினர் என்று இகழப்பட்ட மலபாரி யூதரும், தம்மிடையே சிலரை அதே பெயரிட்டு ஒதுக்கிவைத்தனர். தம்மேல் விழுந்த இழிவைக் கண்டவர்க்குத் தம் கையால் விழும் இழிவு புலப்படவில்லை. கல்லும் செப்பேடும் இல்லையெனில் இருதரப்புக் கூற்றையும் சீர்தூக்குவது எங்ஙனம்?

வேற்றூரில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார், தம் முன்னோரை ஒல்லாந்தர் அழைத்து வந்தனர் என்பர். பிறர் எழுதுங்கால் 'கொண்டுவரப்பட்டனர்' என்று எழுதுகின்றனர். நிகழ்ச்சி ஒன்றே; ஒரு வினையில் அவர் விருந்தினர், மற்றொன்றில் சரக்கு. பம்பாயிலோ தில்லியிலோ நம் பாட்டனார் வந்த கதையை நம் வீட்டுத் திண்ணையில் கேட்டதற்கும் அவ்வூர் நூல்களில் படித்ததற்கும் உள்ள இடைவெளியை நேயர்கள் அறிவர்.

1948க்குப் பின்னர், சிறப்பாக 1950களில், கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட்டனர். சேலம் செல்லவில்லை, 1967இல் கொச்சியிலேயே மறைந்தார். மெசுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்து 1951இல் இஸ்ரேல் சென்ற ரூபி டேனியல் என்னும் அம்மையார், 1995இல் தம் பாட்டியார் வழிவந்த நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். பைவாவின் நூல் அச்சாகி முந்நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து, முன்கூடத்திலிருந்து ஒரு பெண் குரல் அச்சேறிற்று. யூதர் தெருவில் ஒரு சாலைக்கு இன்று சேலத்தின் பெயர் வழங்குகிறது. அதன் வழியே சென்றால் கொச்சங்காடிக் கல் உள்ள சுவரை அடையலாம்.