பல்லாவரத்துக் கல்லும் கொல்கத்தாக் கல்லறையும்

இந்த எபிசோடு ஒரே ஒரு கல்லைப் பத்தினது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் போற எலெக்ட்ரிக் ட்ரெயினில் மீனம்பாக்கம் தாண்டினதும் திரிசூலம் ஸ்டேஷன் வரும். வலது பக்கம் ஏர்போர்ட். எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்ப்போம். இன்னிக்கு இடது பக்கம் பார்க்கலாம். அங்கே வரிசையாக நிற்கிற மொட்டைக் குன்றுகளில் இருக்கிற பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். நார்வே, மடகாஸ்கர், அண்டார்டிகா என்று எங்கெங்கேயோ இதே வகைப் பாறை கிடைக்குது. ஆனால் உலகத்தில் எந்த ஊர் மாணவர் இந்தப் பெயரைப் படித்தாலும், அதன் மூல இடம் என்று பாடப்புத்தகம் சொல்வது பரங்கிமலை, பல்லாவரம் பகுதியைத்தான்.

அப்படின்னா பெயரில் ஏன் பல்லாவரம் இல்லை? யார் இந்த சார்னாக்?

கல்லே இல்லாத ஊர்

ஜாப் சார்னாக், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஏஜென்ட். 1690 ஆகஸ்ட் 24 அன்று ஹூக்ளி நதிக்கரையில் சுதாநுதி என்ற கிராமத்தில் வந்து இறங்கினார். பின்னாடி அந்த இடமும் பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்துதான் கொல்கத்தா ஆச்சு. இன்றைய காலண்டர்படி 1693 ஜனவரியில் அவர் இறந்துபோனார். மருமகன் சார்லஸ் அயர் அவருக்கு ஒரு கல்லறை மண்டபம் கட்டினார். இன்றைக்கும் அது கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கு.

இங்கே ஒரு சிக்கல். கொல்கத்தா கங்கை டெல்டா மேல உட்கார்ந்திருக்கிற ஊர். நதி கொண்டுவந்து கொட்டின வண்டலும் களிமண்ணும் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இருக்கு. தோண்டினா மண்தான் வரும், கல் வராது. கல்வெட்டோட ஒரு கல்லறை வேணும்னா, கல்லை வெளியூரிலிருந்துதான் கொண்டுவரணும்.

அந்தக் காலத்தில் வங்காளத்துக் கம்பெனி ஆட்களுக்கு மேலிடம், சென்னையிலிருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை. சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் ஞானஸ்நானம் நடந்ததுகூட அந்தக் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில்தான். ரெண்டு ஊருக்கும் நடுவில் கப்பல் போக்குவரத்து இருந்தது. அந்தக் கடல் வழியில்தான் நம்ம ஊர்க் கருங்கல் பலகை ஒன்று கொல்கத்தா போய், லத்தீன் எழுத்துகளைச் சுமந்துகிட்டு ஒரு கல்லறையில் உட்கார்ந்தது.

இருநூறு வருஷம் அதை ஒரு பாறையாக யாரும் பார்க்கலை.

இருபத்தஞ்சு வயசுப் பையன்

தாமஸ் ஹாலண்ட் 1868இல் பிறந்தவர். 1890இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1893இல், கிட்டத்தட்ட நம்ம வயசில், சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியாவில் அவர் பார்த்துக்கிட்டிருந்த ஒரு விசித்திரமான பாறையும் இந்தக் கல்லறைக் கல்லும் ஒண்ணுதான் என்று சொல்லி, சார்னோகைட் என்ற பெயரை வைத்தார். 1900இல் அதை விரிவாக்கி, மொத்தத் தீபகற்ப இந்தியாவில் இந்தப் பாறைக் குடும்பம் எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு பெரிய ஆய்வேடு வெளியிட்டார்.

இதில் என்ன விசித்திரம்? பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவினால் வெளிச்சம் ஊடுருவும். அதை மைக்ரோஸ்கோப்பில் வெச்சுப் பார்ப்பாங்க. சார்னோகைட்டில் குவார்ட்ஸ் இருக்கு, ஃபெல்ஸ்பார் இருக்கு. இதுவரைக்கும் சாதாரண கிரானைட் மாதிரிதான். கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருக்கு. இப்போ ஆர்த்தோபைராக்சீன் என்ற குடும்பப் பெயரில்தான் அதிகம் சொல்றாங்க. இது சாதாரண கிரானைட்டில் இருக்காது. கிரானைட்டில் அந்த இடத்தில் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் மாதிரி கனிமங்கள் இருக்கும். அவை ரெண்டும் தங்கள் அமைப்புக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீரைப் பூட்டி வெச்சிருக்கும். ஆர்த்தோபைராக்சீனில் தண்ணீர் கிடையாது.

அதாவது இது உருவாகும்போதே தண்ணீர் வற்றிப்போன கல். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இருபது கிலோமீட்டர் கீழே

இப்போ கொஞ்சம் எண்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க குறிச்சுக்கலாம்.

பூமியின் வயது சுமார் 454 கோடி வருஷம். சென்னை சார்னோகைட்டின் வயது சுமார் 250 கோடி வருஷம். பூமியின் வாழ்க்கையில் பாதிக்கும் மேல் இந்தக் கல் பார்த்திருக்கு. டைனோசர்கள் காணாமல்போனது 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான்.

கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். மேற்பரப்புக்குப் பக்கத்தில், ஒவ்வொரு கிலோமீட்டர் கீழே போகும்போதும் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏறும். சார்னோகைட் உருவாக 700 டிகிரிக்கு மேல் வெப்பம் வேணும். அது 20 கிலோமீட்டர், அதுக்கும் கீழே கிடைக்கிற சூழல்.

மனுஷன் தோண்டினதிலேயே ரொம்ப ஆழமான துளை, ரஷ்யாவில் இருக்கிற கோலா துளை. 1970இல் ஆரம்பிச்சு, 1989 வரைக்கும் போராடி, 12,262 மீட்டரில் நின்னுடுச்சு. அடியில் வெப்பம் 180 டிகிரி. அதுக்கு மேல இறங்க முடியலை. அதைவிட ஆழத்தில் பிறந்த பாறை திரிசூலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வெயில் காஞ்சுகிட்டு நிக்குது. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான வருஷத்தில் மழையிலும் காற்றிலும் அரிச்சுப்போய், அடிப்பகுதி வெளியே வந்திருக்கு. நீலகிரி, ஏற்காடு, பழனி மலை எல்லாம் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

இந்தக் கல் உருவான விதம் பற்றிப் பல வருஷம் சண்டை நடந்தது. உருகின குழம்பு இறுகி வந்த பாறை என்பது ஹாலண்ட் கருத்து. ஏற்கெனவே இருந்த வேறொரு பாறை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வந்தது என்று பின்னாடி பலர் சொன்னாங்க. 1960இல் சி. எஸ். பிச்சமுத்து என்ற இந்தியப் புவியியலாளர், கர்நாடகாவில் கப்பல்துர்கா என்ற இடத்தைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார். அங்கே சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் திட்டுத் திட்டாக, அதே பாறை சார்னோகைட்டாக மாறிக்கிட்டிருந்த நிலையில் உறைஞ்சுபோய் இருந்தது. கீழேயிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை விரட்டியிருக்கணும் என்ற விளக்கம் அதுக்கப்புறம் வலுவாச்சு. இன்னிக்கு, ரெண்டு வழியிலும் சார்னோகைட் உருவாகலாம்னு ஏத்துக்கிறாங்க.

இப்படி ஒரு சண்டை வந்தால் எல்லாரும் திரும்பிப்போய்ப் பார்க்கிறது மூல இடத்தைத்தான். 1955இல் ஹௌவி என்ற ஆய்வாளர் சென்னைப் பாறைகளின் வேதியியலை விரிவாக அலசி வெளியிட்டார். என் வேலையில், ஒரு ஃபங்ஷன் என்ன பண்ணணும்னு சந்தேகம் வந்தா மூலக் கோடைத்தான் திறந்து பார்ப்போம். பல்லாவரம் குன்று அந்த மாதிரி ஒரு மூலக் கோப்பு. ஒரு வித்தியாசம், இதுக்கு பேக்கப் கிடையாது.

பெயர் யாருக்குச் சொந்தம்

2003இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வல்லுநர் குழு அறிக்கையை ஏற்று, ஜாப் சார்னாக்கை கொல்கத்தாவின் நிறுவனர் என்று கருதக் கூடாது, ஆகஸ்ட் 24 அந்த நகரத்தின் பிறந்த நாளும் இல்லை என்றது. அவர் வர்றதுக்கு முன்னாடியே அங்கே ஊர்களும் மக்களும் இருந்தாங்க என்பதுதான் காரணம்.

நகரம் அவரிடமிருந்து திரும்பி வந்துடுச்சு. கல் வரலை. அறிவியல் பெயர்களை அவ்வளவு சுலபமா மாத்த மாட்டாங்க. நூறு வருஷக் கட்டுரைகளும் வரைபடங்களும் அந்தப் பெயரில் இருக்கு.

எனக்கு அந்தப் பெயர் மேல பெரிய கோபம் இல்லை. ஆனா ஒண்ணு சொல்லணும். ஹாலண்ட் பெயர் வைக்கிறதுக்கு 1,200 வருஷத்துக்கு முன்னாடியே, பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் பல்லாவரத்துக் குன்றில் ஒரு குடைவரை குடைஞ்சிருக்காங்க. இன்னிக்கு அது ஒரு தர்கா. இந்தப் பாறை எந்தப் பக்கம் பிளக்கும், எந்த உளி தாங்கும்னு தெரியாம அந்த வேலை நடந்திருக்காது. சார்னாக் கல்லறைக்குப் பலகை வெட்டிக் கொடுத்தவங்களுக்கும் அது தெரியும். அவங்க பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இதே பகுதியில் இன்னும் ரெண்டு தொடக்கங்கள் இருக்கு. 1802இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் மாபெரும் நில அளவைக்கு முதல் அடிக்கோட்டை, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில்தான் அளந்தார். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கைக்கோடரியை அடையாளம் கண்டது பல்லாவரத்தில். மூணு இடமும் ஒரே மின்சார ரயில் பாதையை ஒட்டி இருக்கு.

ஜல்லியும் தண்ணியும்

சரி, 250 கோடி வருஷக் கதை நமக்கு எதுக்கு?

முதல் விஷயம், இந்தக் கல்லை நாம ப்ளூ மெட்டல் என்ற பெயரில் நல்லாவே அறிவோம். கருங்கல் ஜல்லி. சென்னை வளர வளர, சுற்றியிருந்த குன்றுகள் கிரஷருக்குள் போய் கான்கிரீட்டாக வெளியே வந்தது. பரங்கிமலையில் ஒரு பாறைப் பகுதியை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிச்சிருக்காங்க. நினைவுச்சின்னத்துக்கு வெளியே இருக்கிற குன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ரெண்டாவது விஷயம் தண்ணீர். திருவான்மியூர் மாதிரி கடற்கரைப் பகுதியில் கீழே மணல். மணலில் கால்வாசி இடைவெளி இருக்கும், மழைத் தண்ணி அங்கே தங்கும். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் கீழே சார்னோகைட். உடையாத சார்னோகைட்டில் இடைவெளி 1 சதவீதம்கூட இருக்காது. மேலே சிதைஞ்சு இளகிப்போன பகுதியிலும், கீழே இருக்கிற வெடிப்புகளிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். அந்த வெடிப்பு உங்க போர்வெல்லில் மாட்டலைன்னா எத்தனை அடி போட்டாலும் காத்துதான். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட முக்கால்வாசி நிலத்துக்கு அடியில் இப்படிப்பட்ட கடினப் பாறைதான்.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல் குவாரிகளிலிருந்து தண்ணீரை இறைச்சு, சுத்திகரிச்சு நகரத்துக்கு அனுப்பினாங்க. 2017லயும் இதைச் செஞ்சாங்க. தண்ணீரை உள்ளே விடாத பாறை, குழியாக வெட்டின பிறகு அதே குணத்தால் தொட்டியாக நின்னது. அதனால் திரிசூலம், பம்மல், பல்லாவரம் பக்கம் இருக்கிற பழைய குவாரிக் குழிகளைக் குப்பை கொட்டுற இடமாகப் பார்க்கிறது எவ்வளவு பெரிய நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்த முறை வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், ஹவுஸ் ஓனரிடம் போர்வெல் எத்தனை அடின்னு மட்டும் கேட்காதீங்க. கேசிங் பைப் எத்தனை அடி இறக்கினாங்கன்னு கேளுங்க. பாறை வர்ற வரைக்கும்தான் கேசிங் போடுவாங்க. அந்த எண், உங்க காலுக்குக் கீழே இளகின மண் எவ்வளவு, சார்னோகைட் எங்கே ஆரம்பிக்குதுன்னு சொல்லிடும். சொந்த வீடு இருக்கிறவங்க வீட்டு போர்வெல் பில்லை எடுத்துப் பார்த்து, ஏரியா பெயரோட அந்த எண்ணை அனுப்புங்க. போதுமான அளவு வந்தால், நம்ம ஊருக்குக் கீழே பாறை எங்கே இருக்குன்னு நாமே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கலாம்.