ஈப்பொறியும் ஜவுளி வியாபாரியும்

1759-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் வட கரோலினாவின் கவர்னர் ஆர்தர் டாப்ஸ், லண்டனில் இருந்த பீட்டர் காலின்ஸன் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கவர்னர் கடிதம் என்றால் வரி வசூலும் எல்லைத் தகராறும்தான் இருக்கும் என்று எண்ணுவோம். இதில் ஒரு செடியைப் பற்றிய சேதி இருந்தது. தொட்டாற்சிணுங்கியைப் போலத் தொட்டால் மூடிக்கொள்ளும் செடி. ஆனால் வெட்கப்பட்டு ஒதுங்குவதோடு நிற்காமல், தொட்டதைப் பிடித்தே வைத்துக்கொள்ளும் செடி!

காலின்ஸன் தொழிலால் ஜவுளி வியாபாரி, மனத்தால் தோட்டக்காரர். அமெரிக்கக் காடுகளிலிருந்து விதைகளையும் செடிகளையும் தருவிப்பதில் அவருக்கு இருந்த மோகம், வியாபாரத்தில் இருந்ததோ என்னவோ! இந்த ஈப்பொறிச் செடியையும் அவர் கேட்காமல் இருப்பாரா? பிலடெல்பியாவிலிருந்து ஜான் பார்ட்ராம் அனுப்பியது வந்தது. உலர்ந்த மாதிரியாக வந்தது. உலர்ந்த ஈப்பொறி ஈயைப் பிடிக்குமா? 1768-ல்தான் வில்லியம் யங் என்பவர் உயிருள்ள செடிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். அதே வருஷம் ஆகஸ்டில் காலின்ஸன் காலமானார்.

அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் அவருடைய சிநேகிதர் ஜான் எலிஸ். இவரும் துணி வியாபாரிதான்; வியாபாரத்தில் நொடித்துப் போய், பிறகு மேற்கு ஃப்ளாரிடா குடியேற்றத்துக்கு லண்டனில் ஏஜெண்டாக இருந்தவர். கப்பலில் வரும் செடிகள் உப்புச் சாரலில் வாடிச் சாவதும், விதைகள் அழுகிப் போவதும் இவருக்குத் தீராத கவலை. விதைகளை மெழுகில் பொதிந்து காப்பாற்ற முடியுமா என்றெல்லாம் பரீட்சை செய்து பார்த்தவர். ஆகவே மற்றவர்கள் "இந்தச் செடி என்ன செய்கிறது?" என்று வாயைப் பிளந்து நிற்கையில், இவர் "இதை எப்படி உயிரோடு வைத்திருப்பது?" என்று கேட்டார்.

1770-ல் அவர் வெளியிட்ட சிறு புத்தகம், தூர தேசத்துச் செடிகளையும் விதைகளையும் உயிரோடு கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றியது. இந்தச் செடிக்கு அவர் இட்ட டயோனியா மஸ்கிபூலா என்ற பெயரும் வர்ணனையும் அதில் இருக்கின்றன. வீனஸின் தாயார் டயோனியின் பெயர் பாதி. லத்தீனில் எலிப்பொறி என்று பொருள்படும் சொல் பாதி! ஆனால் நான் நின்று படித்தது வளர்ப்பைப் பற்றிய சில வரிகளைத்தான். வந்த செடிகளின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை எலிஸ் கவனித்தார். கறுப்பான லேசான மண். ஊடே வெள்ளை மணல். துப்பறியும் கதைகளில் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கொண்டு குற்றவாளியின் ஊரைச் சொல்லிவிடுவார்களே, அந்த மாதிரி லண்டனில் உட்கார்ந்தபடியே செடியின் ஊரைக் கண்டுபிடித்தார். இது சதுப்பு நிலத்துச் செடி, கொழுத்த மண் இதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டார்.

தரையில் நட்டால் உச்சி வெயில் நேரே படாத வடகிழக்குப் பக்கத்தில் நடச் சொன்னார். குளிர் காலத்தில் கண்ணாடி மூடியும், உறைபனிக்கு மேலே வைக்கோலும் போடச் சொன்னார். தொட்டியில் வைத்தால் லேசான மண்ணை நிரப்பி, தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, கோடையில் காற்றோட்டமுள்ள கண்ணாடி வீட்டில் வைக்க வேண்டும். அங்கே உள்ள உஷ்ணம் அதன் சொந்த ஊர் உஷ்ணம் போல இருப்பதால் செடி அதிசயிக்கும்படி சுறுசுறுப்படையும் என்றார். ஏறக்குறைய இதையே இன்றும் சொல்லுகிறார்கள்.

இந்தச் செடியின் ஊர், வட கரோலினாவின் வில்மிங்டனைச் சுற்றிச் சுமார் 100 மைலுக்குள் அடங்கிவிடும். தென் கரோலினாவில் கொஞ்சம் உண்டு. அங்கே கோடைப் பகலில் 32 டிகிரி சென்டிகிரேடு சர்வ சாதாரணம். அப்படியானால் தொட்டியில் வைத்த செடி வெயில் காலத்தில் ஏன் சாகிறது? தண்ணீரால் சாகிறது! வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புத்தான் எமன். உஷ்ணம் ஏற ஏறத் தொட்டி அதிகத் தண்ணீர் குடிக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, உப்பு மண்ணிலே தங்கிவிடுகிறது. ஏழை மண்ணில் பழகிய வேருக்கு அது தாங்காது. மழைத் தண்ணீரோ வாலைவடித்த நீரோதான் ஊற்றவேண்டும். எருவும் கூடாது. சிறிய கறுப்புத் தொட்டி அடுப்பு மாதிரி காய்ந்து வேரை வேக வைத்துவிடும். ஆழமான, வெளிர் நிறத் தொட்டி நல்லது. வெயிலுக்குப் பயந்து அறைக்குள் கொண்டுபோய் வைப்பதும் தவறு, வெளிச்சம் இல்லாமல் நலிந்துபோகும். குளிர் காலத்தில் மூன்று நான்கு மாதம் அது உறங்கவும் வேண்டும். சென்னை மாதிரி ஊரில் சித்திரையைச் சமாளித்தாலும் மார்கழி அதற்குப் போதாது.

எலிஸ் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதில்லை. இலையின் உட்புறத்தில் நிற்கும் மெல்லிய முட்கள், அகப்பட்ட பூச்சியைக் குத்திக் கொல்வதற்கு என்று நினைத்தார். அவை உண்மையில் உணர்ச்சி மயிர்கள்; சுமார் 20 வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும். ஆனால் பூச்சி செடிக்கு ஆகாரமாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தது சரி. அவரிடமிருந்து கடிதம் பெற்ற ஸ்வீடன் தேசத்து மகாபண்டிதர் லின்னேயஸ், செடியை இயற்கையின் அற்புதம் என்று கொண்டாடினாரே தவிர, அது பூச்சியைத் தின்னும் என்பதை ஒப்பவில்லை. பூச்சி துடிப்பதை நிறுத்தியதும் இலை திறந்து விட்டுவிடும் என்பது அவர் எண்ணம். கருணையுள்ள எண்ணம்தான். 1875-ல் டார்வின் பூச்சி தின்னும் தாவரங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி, இலை சீரணிப்பதை நிலைநாட்டினார்.

ஊரிலே செடியின் நிலைமை அவ்வளவு சௌகரியமாக இல்லை. சதுப்புகளை வடிகட்டி வீடு கட்டினார்கள். காட்டிலிருந்து செடிகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்றார்கள். அதைப் பெருங்குற்றமாக்கி வட கரோலினா 2014-ல் சட்டம் செய்தது. பைன் காட்டில் அவ்வப்போது பரவும் தீயை அணைத்து அணைத்துக் காப்பாற்றியதும் செடிக்குக் கேடாய் முடிந்தது. புதர் மண்டி நிழலில் அது மடிந்தது. இப்போது காட்டைப் பராமரிப்பவர்களே காலம் பார்த்துத் தீ வைக்கிறார்கள். இலையெல்லாம் கருகிப் போகிறது. பிறகு கரி படிந்த மணலுக்கடியில் இருக்கும் கிழங்கிலிருந்து புது இலைகள் முளைத்து வெளியே வருகின்றன.