பயிற்சி மாதிரித் தெரிவு

பயிற்சி மாதிரித் தெரிவு என்பது, கணினியை வகைப்படுத்தப் பழக்குவதற்கு எந்தெந்தத் தரவுகளுக்கு லேபிள் இடலாம் என்று ஆய்ந்து முடிவுசெய்யும் இயந்திரக் கற்றல் முறை. ‘ஆக்டிவ் லேர்னிங்’ இதன் முக்கியப் பிரிவு. தரவு சேர்ப்பது இன்று எளிது. ஆனால் ஒரு லட்சம் எக்ஸ்ரே படங்களையும் மருத்துவர் ஒருவர் பார்த்து, நோய் உண்டு, இல்லை என்று குறிப்பது எளிதல்ல. அந்த உழைப்பைக் குறைப்பதே இதன் நோக்கம்.

உழைப்பு எப்படிக் குறைகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கோட்டில் வரிசையாக 1,000 புள்ளிகள். ஏதோ ஓர் எல்லைக்கு இடப்புறம் ஒரு வகை, வலப்புறம் இன்னொன்று என்று கொள்வோம். நடுப்புள்ளியின் வகை தெரிந்தாலே தேட வேண்டிய பகுதி பாதியாகிவிடும். இப்படியே போனால் 10 லேபிள்களில் எல்லை பிடிபடும். பிழை கலந்த நிஜத் தரவில் இவ்வளவு ஆதாயம் அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1968இல் பீட்டர் ஹார்ட், லேபிள் இட்ட தொகுப்பில் தேவையானவற்றை மட்டும் நிறுத்திக்கொள்ளும் சுருக்குமுறையை வெளியிட்டார். அது நினைவகத்தைச் சேமித்தது. லேபிள் செலவைக் குறைக்கவில்லை. 1992இல் செயுங், ஆப்பர், சோம்போலின்ஸ்கி மூவரும், பல மாதிரியமைப்புகள் எந்தத் தரவில் முரண்படுகின்றனவோ அதன் லேபிளைக் கேட்கும் ‘குழு வினவல்’ முறையை முன்வைத்தனர். 1994இல் லூயிஸும் கேலும் உரை வகைப்படுத்தலில், கணினிக்கு எதில் ஐயம் மிகுதியோ அதை மனிதரிடம் கேட்கச் செய்தனர். எளிமையால் இன்றும் பரவலாக வழங்குவது இந்த முறையே.

லேபிள் கேட்க வேண்டிய தரவையே கணினி புனைய விட்டபோது வந்த சிக்கல் படிப்பினை மிக்கது. கையெழுத்து அடையாளம் காணும் ஆய்வில் பாமும் லாங்கும் அப்படிச் செய்தபோது, எந்த எழுத்தும் அல்லாத உருவங்கள் பல வந்தன. மனிதரால் விடை சொல்ல இயலவில்லை. இருக்கும் தரவுக் குவியலிலிருந்து தேர்வது இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

ஐயத்தை மட்டும் அளவுகோலாக்கினால் விதிவிலக்கான தரவுகளும், ஒன்றுபோல் இருப்பவையும் சேர்ந்துவிடும். ஆகவே 2018இல் செனர், சவாரேசே இருவரும், தரவுவெளி முழுவதையும் தழுவும் சிறு கருத்தொகுப்பைத் தேரும் வழியை முன்வைத்தனர். தொடக்கத்தில் லேபிள்கள் மிகச் சில என்பதால் கணினியின் ஐயத்தையே நம்ப முடியாது. அப்போது சமவாய்ப்புத் தெரிவே மேல். கணினியின் துல்லியத்தை அளக்கும் சோதனைத் தொகுப்பையும் சமவாய்ப்பாகவே எடுக்க வேண்டும். ஆய்ந்து தேர்ந்தவற்றில் கணக்கிட்ட துல்லியம் உண்மை நிலையைக் காட்டாது.